கைப்பேசிக் கேமராவால் களப்பதிவு: டர்பன் கோயில்களையும் கல்லறைகளையும் முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

டர்பன் நகரம் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டல் மாநிலத்தில் ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டால் வேலை மளமளவென்று தொடங்கிவிடும். சாரம் கட்டுவார்கள். பழைய சுதைச் சிற்பங்களின் மேல் புது வர்ணம் ஏறும், உடைந்த கைகளை ஒட்டவைப்பார்கள், மண்டபத் தரைக்கு டைல்ஸ் வந்து இறங்கும். இதையெல்லாம் யாராவது ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேதான் இருப்பார். ஆனால் ஓர் ஆண்டு கழித்து, "விமானத்தின் தெற்குப் பக்கத்தில் முன்பு இருந்த சிற்பம் எது, அதன் கையில் என்ன இருந்தது?" என்று ஒருவர் கேட்டால், அந்த நூற்றுக்கணக்கான படங்களைப் புரட்டியும் பதில் கிடைக்காது. எந்தப் படம் எந்தச் சுவர், எந்தத் திசை, வேலைக்கு முன்பா பின்பா என்று சொல்ல ஆள் இருக்காது.

வேலை நடக்கும் இடத்துக்கே போய், அங்கே கண்ட நிலையை, பிறகு முன்பின் தெரியாத ஒருவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி பதிந்து வைப்பதைத்தான் களப்பதிவு என்கிறோம். அந்த முன்பின் தெரியாத ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை தெளிவாகிவிடும். இது எந்த இடம், எந்த நாள், படத்தில் இருப்பது எது, அது எவ்வளவு பெரியது, எந்தத் திசையைப் பார்க்கிறது, எடுத்தவர் யார் என்று அவர் கேட்பார். இவற்றுக்குப் பதில் படத்திலேயோ படத்தோடு பிரியாமல் சேர்ந்த குறிப்பிலேயோ இருந்தால் அது ஆவணம். இல்லாவிட்டால், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும், எடுத்தவரின் நினைவு மங்கும்போது அதுவும் பயனற்றுப் போகும்.

இந்தக் கட்டுரையில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கோயில்களையும் பழைய கல்லறைகளையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இங்கே அது அவசரமான வேலை என்று நான் நம்புவதே காரணம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது 1860 நவம்பர் 16 அன்று. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நாட்டலுக்கு (இன்றைய குவாசுலு-நாட்டல்) வந்த இந்தியர்கள் 152,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு; பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. ஆனால் அது அரசாங்க எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது. அந்த மக்கள் தங்கள் மொழியில், தங்கள் எழுத்தில் பொறித்து வைத்த சொற்களைத் தேடினால், கோயில் நிலைக்கற்களிலும் கல்லறைகளிலும்தான் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது.

அவையும் குறைந்துகொண்டே வருகின்றன. 1875இல் அம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயிலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இன்று டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெல்லேர் சாலையில் இருக்கும் அம்பலவாணர் ஆலயம் அதன் வழிவந்தது. வெள்ளத்திலிருந்து மீட்ட கதவுகள் அங்கே இருக்கின்றன. மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடியிருக்க வைத்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின்கீழ் கேட்டோ மேனரிலிருந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சாட்ஸ்வொர்த் போன்ற நகரியங்களுக்கு அனுப்பினார்கள். வீடுகள் இடிந்தன, சில கோயில்கள் மட்டும் புதர்க்காட்டுக்கு நடுவே நின்றன. 2022 ஏப்ரலில் பெய்த பெருமழையில் இந்த மாநிலத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் சரிந்த இடங்களில் வீடும் போயிற்று, சாலையும் போயிற்று. இவை போக, பக்தியோடு செய்யும் திருப்பணியிலேயே பழைய எழுத்துகள் பெயின்டுக்கும் சிமென்டுக்கும் அடியில் மறைவதையும் பார்க்கிறோம். யாரையும் குறை சொல்லவில்லை. மறைவதற்கு முன் ஒழுங்காக ஒரு பதிவு எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்கு உங்கள் பையில் இருக்கும் கைப்பேசியே போதும்.

தொலைவிலிருந்து நெருக்கத்துக்கு

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக எழுத்துக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பார்கள். எழுத்து தெளிவாக விழுந்ததும் வேலை முடிந்தது என்று அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிடுவார்கள். இதனால் என்ன இழக்கிறோம் என்பதை ஒரு கல்லை வைத்தே பார்க்கலாம்.

கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒரு பழைய இடுகாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லில் பெயர் பாதி தேய்ந்திருக்கிறது. கீழே "விகாரி வருஷம் ஆனி மாதம்" என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. விகாரி ஆண்டின் ஆனி என்றால் 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். (அதற்கும் முந்தைய விகாரி 1839, அப்போது நம்மவர் இங்கே வந்திறங்கவே இல்லை.) நெருக்கத்தில் எடுத்த எழுத்துப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அறுபது ஆண்டு இடைவெளியை எப்படித் தீர்ப்பது? அதே கல்லின் முழு உருவம், அது பளிங்கா, மணற்கல்லா, அச்சில் வார்த்த சிமென்டா என்பது, பக்கத்துக் கற்களில் இருக்கும் ஆங்கில ஆண்டுகள், அந்த வரிசை இடுகாட்டின் பழைய மூலையில் இருக்கிறதா புது மூலையில் இருக்கிறதா என்பது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஆண்டு பிடிபடும். அவை அனைத்தும் தள்ளி நின்று எடுத்த படங்களில் இருப்பவை.

ஆகவே முதலில் நோட்டில் தேதி, இடம், உங்கள் பெயர் எழுதி அந்தப் பக்கத்தையே ஒரு படம் எடுங்கள். சிலேட்டு இருந்தால் இன்னும் நல்லது. பிறகு நுழைவாயிலில் நின்று முழு இடுகாட்டையும் எடுங்கள். அடுத்து அந்த வரிசை. அடுத்து அந்தக் கல், இடமும் வலமும் இருக்கும் கற்களோடு. அதற்குப் பிறகுதான் கல் மட்டும், நேருக்கு நேர், மேலிருந்து கீழ்வரை முழுமையாக. கடைசியில் எழுத்துகள். நீளமான எழுத்தாக இருந்தால் மேலிருந்து கீழே சில படங்களாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மறுபடி காட்டினால் வரி எதுவும் நடுவில் விடுபடாது. முடித்துவிட்டு நகராதீர்கள். கல்லின் முதுகையும் அடிப்பகுதியையும் பாருங்கள். கல் செதுக்கியவரின் பெயரோ பட்டறையின் பெயரோ பெரும்பாலும் அடியில்தான், மண்ணும் புல்லும் மூடிய இடத்தில்தான் இருக்கும்.

முழுக் கல்லை எடுக்கும் படத்தில் ஓர் அளவுகோல் கட்டாயம் வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். கையில் எதுவும் இல்லாத நேரத்தில் ஐந்து ராண்டு நாணயம் ஒன்றை வையுங்கள்; அதன் விட்டம் 26 மில்லிமீட்டர். அளவுகோலைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல வைக்க வேண்டும். முன்னால் தரையில் வைத்தால் அது கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரியும், கணக்கு தவறும். எழுத்தின்மேலும் வைக்கக் கூடாது.

கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால் கல் மேல்நோக்கிக் குறுகியது போல விழும். கல்லின் நடு உயரத்துக்குக் கைப்பேசியை இறக்குங்கள். சிறிய கல்லுக்கு முழங்காலிட வேண்டியிருக்கும். ஒரு பழைய சாக்கை எடுத்துப் போவது நல்லது.

வெயில் எங்கிருந்து விழுகிறது

களப்பதிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேய்ந்த எழுத்தைப் படிக்க வைப்பது கேமரா இல்லை, நிழல். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால் எழுத்து தெரியும். ஒளி நேருக்கு நேர் வந்து அறைந்தால் பள்ளமும் மேடும் ஒரே வெளுப்பாகிவிடும். கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் சாய்ந்த ஒளிதான் நமக்கு வேண்டியது. கைப்பேசியின் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது நேராக அறையும் வகை. அதை அணைத்தே வையுங்கள்.

"காலையிலும் மாலையிலும் போனால் சாய்ந்த வெயில் கிடைக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். தரையில் படுத்திருக்கும் பலகைக் கல்லுக்கு அது சரி. நிமிர்ந்து நிற்கும் கல்லுக்கு அப்படியே பொருந்தாது. நம் கோயில்களில் நிலைவாசல் பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. காலை ஏழு மணி வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பார்க்க அழகாக இருக்கும், படிக்க எழுத்து இருக்காது. அதே நிலைவாசலுக்குப் பதினொரு மணிக்குமேல், சூரியன் அந்தச் சுவரை விட்டு அகலப்போகும் நேரத்தில் வாருங்கள். வெயில் கல்லை உரசிக்கொண்டு போகும், காலையில் கண்ணுக்கே படாத கீறல்கள் எழுந்து நிற்கும். மேற்கு நோக்கிய கல்லுக்கு நண்பகல் தாண்டிய முதல் அரை மணி நேரம் அப்படிப்பட்டது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கே நிற்கும். ஜூன் மாதக் குளிர்காலத்தில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை; டிசம்பரில் 83 பாகைக்கு மேல், கிட்டத்தட்டத் தலைக்கு நேரே வந்துவிடும். ஆகவே வடக்கு நோக்கிய கல்லில் ஜூன் மாத வெயில் முகத்தில் விழும். டிசம்பர் நண்பகலில் மேலிருந்து உரசி இறங்கும். அந்தக் கல்லைப் படிக்கக் கோடைக்காலமே ஏற்றது. தெற்கு நோக்கிய கல்லோ குளிர்காலம் முழுக்க நிழலில்தான் கிடக்கும். கோடையில் அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் கொஞ்ச நேரம் பக்கவாட்டு வெயில் அதைத் தொடும். தென் சுவரில் எழுத்து இருப்பதாகக் கேள்விப்பட்டு ஜூலையில் ஒருவர் போய், "ஒன்றும் இல்லை, வெறும் சுவர்" என்று சொன்னால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலுக்காகக் காத்திருக்க முடியாதபோது ஒளியை நாமே கொண்டுபோகலாம். ஒருவர் மூன்று நான்கு மீட்டர் தள்ளி வெயிலில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிக் கல்லின் பக்கவாட்டில் விழச் செய்ய வேண்டும். இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். கண்ணாடியை மெல்லத் திருப்பும்போது ஒரு கோணத்தில் எழுத்து சட்டென்று புலப்படும், அங்கே நிறுத்துங்கள். வெயில் நேராக அடிக்கும் கல்லுக்கு வேறு வழி: குடை பிடித்து நிழல் உண்டாக்கி, இரண்டாவது கைப்பேசியின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கத்திலிருந்து அடியுங்கள். ஒரே திசையில் நிறுத்திவிடாமல் இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் அடித்து நான்கு படம் எடுங்கள். இடமிருந்து வரும் ஒளி நிற்கும் கோடுகளைக் காட்டும். படுத்த கோடுகளுக்கு மேலிருந்து ஒளி வேண்டும். தமிழ் எழுத்துகளில் இரண்டும் கலந்திருப்பதால் ஒரு படத்தில் கா என்று தெரிந்தது இன்னொன்றில் சா ஆகலாம். பழைய கற்களில் தமிழ் எண்கள் இருந்தால் இந்தக் கவனம் இன்னும் தேவை. ௧ என்ற ஒன்றும் க என்ற எழுத்தும், ௭ என்ற ஏழும் எ என்ற எழுத்தும், ௮ என்ற எட்டும் அ என்ற எழுத்தும் தேய்ந்துவிட்டால் பார்வைக்கு ஒன்றே.

எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் கல்லில் மாவு, விபூதி, சாக்பீஸ் பூசும் பழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதன் துகள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். பூசுபவர் தனக்குத் தோன்றிய எழுத்தையே பூசுவார், உண்மையில் இருந்த எழுத்தை அல்ல. கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்ப்பது அதைவிடக் கொடுமை. பாசியோடு கல்லின் மேல்தோலும் உரிந்து வந்துவிடும். கண்ணாடியும் டார்ச்சும் கல்லைத் தொடுவதே இல்லை.

கைப்பேசியில் மாற்ற வேண்டியவை

லென்ஸை முதலில் துடையுங்கள். கடற்காற்றின் உப்பு, கை எண்ணெய், கற்பூரப் புகை எல்லாம் அதில் படிந்திருக்கும். சுத்தமான பருத்தித் துணி போதும்.

பல கைப்பேசிகளில் இரண்டு மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. அகலக் காட்சிக்கான லென்ஸ் நேரான தூணின் ஓரங்களை வளைத்துவிடும். திரையில் 1x என்று குறிப்பிட்டிருக்கும் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். இடம் போதாவிட்டால் பின்னால் நகருங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கும் ஜூம் வேண்டாம், நடந்து பக்கத்தில் போங்கள். முகத்தை அழகாக்கும் ஃபில்டர், பின்னணியை மங்கவைக்கும் வசதி, படத்தைச் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் வசதி ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். இதில் கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. எழுத்து பாதி அழிந்திருந்தால் மென்பொருள் மீதியை ஊகித்து வரைந்துவிடும். கல்லில் இல்லாத கோடு படத்தில் இருப்பது பொய்ச் சாட்சி.

எழுத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் கேமராவின் குவியமும் வெளிச்ச அளவும் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். வெள்ளைப் பளிங்கு கண்ணைப் பறிக்கும் வெளுப்பாக விழுந்தால், பூட்டிய பிறகு திரையில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். படம் சற்று இருண்டாலும் எழுத்து நிற்கும். ஐபோன்கள் 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஹெச்.இ.ஐ.சி. என்ற கோப்பு வகையில் சேமிக்கின்றன. பழைய கணினிகள் சிலவற்றில் அது திறக்காது. அமைப்புகளுக்குள் கேமரா பகுதியில் ஜேபெக் வகைக்கு மாற்றிக்கொண்டால் பிறகு தொல்லை இல்லை.

இடம்: ஒரு கழித்தல் குறி

கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் சேர்ந்திருக்கும். எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் ஆகியவை அதில் உண்டு. இடம் பதியும் வசதியை இயக்கியிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் உண்டு. இது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் உதவியாளர். அவரை முழுதாக நம்பிவிடவும் கூடாது.

திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய ஐந்து மீட்டர் துல்லியம் தரும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் பிழை கூடும். இடுகாட்டில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் ஒரு மீட்டர் இடைவெளிகூட இருக்காது. ஆகவே இடுகாடு எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லும், கல் எது என்பதைச் சொல்லாது. அதற்கு நோட்டில் கையால் வரைந்த ஒரு வரைபடம் வேண்டும்: வாசல், பெரிய மரம், வடக்குத் திசை, வரிசை எண், வரிசைக்குள் கல் எண். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டால் பிறகு எந்தச் செயலியாலும் ஈடுகட்ட முடியாது.

எண்களை நோட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது ஒரு சிறு குறியில் கவனம் வையுங்கள். தெற்கு அட்சரேகையைப் பதின்மத்தில் எழுதும்போது முன்னால் கழித்தல் குறி வரும். டர்பன் ஏறக்குறைய -29.86, 31.02. அந்தக் கழித்தல் குறி விடுபட்டால் உங்கள் கோயில் எகிப்தில் கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டு எண்களும் இடம் மாறினால் அட்லான்டிக் பெருங்கடல். முதல் பதிவை ஏற்றியதுமே வரைபடத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் இந்தப் பிழை தொடராது.

திருப்பணியைப் பதிவது

நிற்கும் கல்லைப் பதிவது ஒரு நாள் வேலை. நடக்கும் வேலையைப் பதிவது மாதக்கணக்கில் நீள்வது. முன், நடுவில், பின் என்ற மூன்று நிலைகளும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களாக இருந்தால்தான் ஒன்றையொன்று ஒப்பிட முடியும். வேலை தொடங்குவதற்கு முன்பே நிற்க வேண்டிய இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொடிமரப் பீடத்தின் மூலை, மடப்பள்ளிப் படி என்று எளிதில் மாறாத இடங்களாக இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் முந்தைய படத்தை இன்னொரு கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அதே ஓரம் அதே சட்டத்துக்குள் வருமாறு நின்று எடுங்கள்.

மூடிப்போகும் இடங்களுக்கு முதலிடம் கொடுங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக் கட்டு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாய், பூச்சுக்கு முன் மின்கம்பி ஓடும் பாதை, இவற்றை அளவுகோலோடு எடுத்து வைத்தால், ஐந்து ஆண்டு கழித்து நீர் கசியும்போது சுவர் முழுவதையும் உடைக்க வேண்டியிராது. பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஒவ்வோர் அடுக்கும் வெளிப்படும் நேரத்தில் நிறுத்தச் சொல்லிப் படம் எடுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயிலைக் கட்டிய கிஸ்தப்பா ரெட்டியைப் போன்ற கைவினைஞர்கள் சுதையில் என்ன நிறம் தீட்டினார்கள் என்பதற்கு அந்த அடுக்குகளைத் தவிர வேறு சான்று கிடைப்பது கடினம். சுவரில் விரிசல் இருந்தால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஸ்கேலைக் குறுக்கே பிடித்து, தேதி எழுதிய சீட்டையும் சேர்த்து எடுங்கள். விரிசல் வளர்கிறதா, பழையதாகவே இருக்கிறதா என்று பொறியாளர் கேட்கும் கேள்விக்கு அந்தப் படவரிசை பதில் சொல்லும்.

நிர்வாகக் குழுக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபுவளச் சட்டத்தின்படி 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. நகராட்சி நடத்தும் இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. இந்த மாநிலத்தில் அனுமதிக்கு அணுக வேண்டியது அமாஃபா என்ற அமைப்பு. இப்போதைய நிலையைக் காட்டும் ஒழுங்கான படங்கள் கையில் இருந்தால் விண்ணப்பம் எழுதுவதும் எளிதாகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று மாலையே செய்ய வேண்டிய வேலை இது. தள்ளிப்போட்டால் நினைவு கலங்கும். கேமரா தானாக வைக்கும் பெயர் எதையும் சொல்லாது. பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு "2025-06-14_வரிசை03_கல்07_கிழக்கு_01" என்பதுபோலப் பெயர் வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். வெட்டுவதும் வெளுப்பைக் குறைப்பதும் பிரதியில் மட்டும்.

எழுத்தைப் படியெடுக்கும்போது கல்லில் இருப்பது இருக்கிறபடியே வர வேண்டும். பிழையைத் திருத்தக் கூடாது. ஆங்கிலத்தில் பெயரை வேறு விதமாகச் செதுக்கியிருந்தால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் குடும்பத்தைத் தேடி வருபவர் அந்த வடிவத்தைக் கொண்டே தேடலாம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கற்களில் லை, னை, றா, னா போன்றவை பழைய வடிவில் இருக்கும். புது எழுத்தில் மட்டும் தமிழ் படித்த பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரைத் துணைக்கு வைப்பது நல்லது. முடிந்தால் முதல் படியெடுப்பைக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தே செய்துவிடுங்கள். கண் தடுமாறும் இடத்தில் விரல் நுனி பள்ளத்தை உணர்ந்துகொள்ளும்.

படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். படமாக அனுப்பும்போது அது கோப்பைச் சுருக்கிவிடும்; உள்ளே இருந்த இடக் குறிப்பையும் நீக்கிவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணம் என்ற வகையில் இணைத்து அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போய்ச் சேரும். சேமிப்புக்கு ஒரு பழைய விதி போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையக் கிடங்கில். கைப்பேசி திருட்டுப் போகிற ஊரில், மின்வெட்டுக்கு அட்டவணை போட்டுப் பழகிய நாட்டில், இது மிகையான எச்சரிக்கை இல்லை. பவர் பேங்க் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

ஒரு குழுவாகப் பல இடங்களைப் பதிவதாக இருந்தால், கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே. போன்ற இலவசச் செயலிகளில் படிவம் தயாரித்துக்கொள்ளலாம். இணையம் இல்லாத இடத்திலும் படத்தையும் விவரத்தையும் ஒரே பதிவாக அவை சேர்த்துவைக்கும். முதல் சில இடங்களுக்கு நோட்டும் பென்சிலும் போதும் என்பது என் கருத்து. எந்தக் கேள்வியைப் படிவத்தில் வைக்க வேண்டும் என்பது கையால் எழுதிப் பார்த்த பிறகுதான் தெரியவரும்.

கேட்டுவிட்டு எடுங்கள்

கோயிலானால் நிர்வாகக் குழுவிடமும் குருக்களிடமும் அனுமதி கேளுங்கள். எழுத்தில் வாங்குவது இன்னும் நல்லது. கருவறைக்குள் கேமரா கூடாது என்றால் கூடாதுதான். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் சாமி வந்து ஆடுபவரின் முகத்தை நெருக்கத்தில் எடுப்பது ஆவணமும் ஆகாது, மரியாதையும் ஆகாது. உயிரோடிருப்பவர்களின் அடையாளத் தகவலைக் காக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் அது இன்னும் கண்டிப்பானது. பெரியவர் ஒருவர் கல்லின் கதையைச் சொல்ல முன்வந்தால் குரலைப் பதிவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். அது எங்கே போகும், யார் கேட்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். உற்சவ விக்கிரகங்கள், வெண்கல விளக்குகள் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணைப் பொதுவில் வெளியிட வேண்டாம். திருடர்களுக்கு வழி சொல்லித்தர நாம் தேவையில்லை.

இடுகாட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போனால் கண்ணாடி பிடிக்கவும் ஆள் இருக்கும். கரும்புத் தோட்டத்து ஓரங்களில் மாம்பா என்ற கொடிய விஷப் பாம்பும் விஷம் உமிழும் நாகமும் உண்டு. உயரமான பூட்ஸ் போட்டுக்கொண்டு, கல்லின் அடிப்புல்லைக் கையால் விலக்காமல் கோலால் விலக்குங்கள்.

பதிவு ஓரளவு சேர்ந்ததும் ஒரு பிரதியைக் கோயிலிலேயே வையுங்கள், இன்னொன்றை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். டர்பனில் 1860 மரபு மையமும், குவாசுலு-நாட்டல் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையமும் இந்திய வம்சாவளியினரின் வரலாற்றுப் பொருள்களைச் சேர்த்துவைப்பவை. எந்த வடிவில் தர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோப்புகளோடு ஒரு பக்கக் குறிப்பும் போக வேண்டும். யார் எடுத்தது, எந்த நாள்களில், யார் அனுமதி கொடுத்தார்கள், படங்களை யார் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதுங்கள். அதன் அடியில் நீங்கள் எடுக்காமல் விட்ட வரிசைகள் எவை, ஏன் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்: புதர் மூடியிருந்தது, கல் குப்புற விழுந்திருந்தது, தென் முகம் நிழலில் இருந்தது, டிசம்பரில் மறுபடி பார்க்க வேண்டும்.